ஒளிச்சிதறல்: சொரசொரப்பான பரப்புகளும் நானோ துகள்களும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்கள், பெயின்ட் வேலையில் இருப்பவர்கள், பள்ளி ஆசிரியர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். முன்னால் உள்ள கேள்விகள் எளியவை. பின்னால் வருபவை முன்னால் சொன்னதை நம்பி நிற்பவை. ஆகவே வரிசையாகப் படிப்பது நல்லது.

1. எதிரொளிப்பு வேற, சிதறல் வேறயா? ரெண்டும் ஒளி பட்டுத் திரும்புறதுதானே?

அடிப்படை ஒன்றுதான். ஒளி ஒரு மின்காந்த அலை. அது ஒரு பொருளின் மேல் படும்போது உள்ளே இருக்கும் எலக்ட்ரான்கள் அதே தாளத்தில் அசைகின்றன. அசையும் ஒவ்வொன்றும் சுற்றிலும் சிற்றலைகளை அனுப்புகிறது. பரப்பு சமமாக இருந்தால் இந்தச் சிற்றலைகள் ஒரே ஒரு திசையில் ஒன்றுசேர்ந்து வலுக்கின்றன, மற்ற திசைகளில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. முகம் பார்க்கும் கண்ணாடியில் நடப்பது அதுதான். மேடுபள்ளம் இருந்தாலோ, துகள்கள் தாறுமாறாகக் கிடந்தாலோ அந்த அழிவு முழுமையாக நடப்பதில்லை. மிச்சப்படும் ஒளி நாலா பக்கமும் போகிறது. அதைச் சிதறல் என்கிறோம்.

எந்தப் பொருளைப் பார்த்தாலும் இரண்டு விஷயங்களை முதலில் கேளுங்கள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரு பொருள்களின் ஒளிவிலகல் எண்ணுக்கு (ஒளி அந்தப் பொருளில் எவ்வளவு மெதுவாகப் போகிறது என்பதைச் சொல்லும் எண்) இடையே எவ்வளவு வித்தியாசம்? மேடுபள்ளமோ துகளோ ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு பெரிது? கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரை. இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் பாதிக் கணக்கு முடிந்தது.

2. மாக்கோலம் ஈரமா இருக்கும்போது மங்கலா இருக்கு, காய்ஞ்சதும் பளிச்சுனு வெள்ளையாயிடுது. மாவு அதேதானே?

மாவு அதேதான், சுற்றியிருப்பது மாறிவிட்டது. அரிசி மாவின் ஒளிவிலகல் எண் சுமார் 1.53. தண்ணீருக்கு 1.33, காற்றுக்கு 1. காய்ந்த கோலத்தில் ஒவ்வொரு மாவுத் துணுக்கும் காற்றைத் தொட்டு நிற்கிறது. நேராகப் படும் ஒளியில் ஒவ்வொரு எல்லையிலும் ஏறத்தாழ 4.4 விழுக்காடு திரும்புகிறது. துணுக்குகளுக்கு நடுவே தண்ணீர் நிறைந்திருக்கும்போது அதே எல்லையில் திரும்புவது 0.5 விழுக்காடுதான். கிட்டத்தட்ட ஒன்பதில் ஒரு பங்கு. ஒளி மாவுப் படலத்தைக் கடந்து கீழே தரைக்குப் போய்விடுகிறது, நாம் தரையின் நிறத்தைப் பார்க்கிறோம்.

சுண்ணாம்பு அடித்த சுவரும் இப்படியே. அடித்த கையோடு பார்த்தால் பழைய கறை எல்லாம் தெரியும். அதைப் பார்த்து இன்னொரு கை அடிக்கத் தொடங்கக் கூடாது; நன்றாகக் காய்ந்த பிறகுதான் மறைப்பு போதுமா என்று சொல்ல முடியும்.

3. அப்போ பஜ்ஜி வெச்ச பேப்பர்ல எண்ணெய் பட்ட இடம் கண்ணாடி மாதிரி ஆகுறதும், நனைஞ்ச துணி கறுத்துப்போறதும் இதே காரணமா?

ஆம். தாளின் நாருக்கு ஒளிவிலகல் எண் 1.5 அளவில், சமையல் எண்ணெய்க்கு 1.47. தண்ணீரைவிட எண்ணெய் நாருக்கு மிக அருகில் வருவதால் தாள் ஏறக்குறைய முழுதாகவே ஒளியை விடுகிறது. அந்தத் தாளை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்: எண்ணெய்த் திட்டு சுற்றியுள்ள தாளைவிட வெளிச்சமாகத் தெரியும். மேசைமேல் வைத்து மேலிருந்து வெளிச்சம் விழும்படி பாருங்கள்: அதே திட்டு இருண்டு தெரியும். இரு பக்க வெளிச்சமும் சமமாகும்போது திட்டே மறைந்துவிடும். ஜெர்மானிய வேதியியலாளர் ராபர்ட் பன்சன் இதை வைத்தே இரண்டு விளக்குகளின் வெளிச்சத்தை ஒப்பிடும் கருவி ஒன்றைச் செய்தார்.

நனைந்த துணியும் மண்ணும் கறுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஈரத்தில் ஒவ்வொரு சிதறலும் ஒளியைப் பெரிதாகத் திருப்பாமல் முன்னோக்கியே தள்ளுகிறது. ஒளி வெளியே வருவதற்குள் அதிக தூரம் அலைகிறது, வழியில் அதிகம் உறிஞ்சப்படுகிறது. மேலே நிற்கும் தண்ணீர்ப் படலமும் வெளிவரும் ஒளியில் ஒரு பகுதியை உள்ளேயே திருப்பி அனுப்புகிறது. சாயம் ஏற்றாத, மெல்லிய வெள்ளை வேட்டி நனைந்தால் கறுப்பதைவிட உள்ளே இருப்பது தெரிவதே அதிகம். ஏனென்றால் அதில் உறிஞ்சுவதற்கு ஒன்றுமில்லை.

4. ஒரு பரப்பு வழவழப்பா, சொரசொரப்பான்னு எந்த அளவை வெச்சுச் சொல்றது? கையில தடவினா வழவழன்னுதான் இருக்கு.

கை ஏமாற்றும். ஒளியைத்தான் கேட்க வேண்டும். ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபு தந்த ஓர் எளிய வரம்பு உண்டு: மேடுபள்ளத்தின் உயரம், அலைநீளத்தை 8 மடங்கு கொசைன் கோணத்தால் வகுத்துக் கிடைக்கும் அளவுக்குக் கீழே இருந்தால் அந்தப் பரப்பு வழவழப்பு. கோணம் என்பது பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளப்பது. பச்சை ஒளிக்கு, அதாவது 550 நானோமீட்டருக்கு, நேராகப் பார்த்தால் வரம்பு 69 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

வரம்பில் கோணம் இருப்பதைக் கவனியுங்கள். 85 பாகையில் அதே வரம்பு சுமார் 790 நானோமீட்டர் ஆகிவிடுகிறது. சாய்ந்து படும் ஒளிக்கு சொரசொரப்பான பரப்பும் வழவழப்புதான். ஒரு வெள்ளைத் தாளைக் கண்ணுக்கு நேர்மட்டமாக, ஓரம் மட்டும் தெரியும்படி பிடித்து, எதிரே ஒரு விளக்கை வைத்துப் பாருங்கள். சாதாரணத் தாளில் விளக்கின் பிம்பம் மங்கலாக நீண்டு தெரியும். மாலை வெயிலில் வண்டி ஓட்டும்போது தார்ச்சாலை பளபளத்துக் கண்ணைக் கூசுவதும் இதனால்தான்.

5. மெருகு போட்ட லென்ஸ்ல 1 நானோமீட்டர் சொரசொரப்புனு போடுறாங்க. அது 2 ஆனா என்ன குடிமுழுகிடும்?

சிதறல் சொரசொரப்பின் வர்க்கத்தில் ஏறுகிறது. 2 ஆனால் சிதறல் 4 மடங்கு. சமன்பாடு இது: நான்கு பையை ஆர்எம்எஸ் சொரசொரப்பாலும் (மேடுபள்ளங்கள் சராசரி மட்டத்திலிருந்து விலகும் அளவின் வர்க்கச் சராசரி மூலம்) கோணத்தின் கொசைனாலும் பெருக்கி அலைநீளத்தால் வகுத்து, விடையை வர்க்கப்படுத்துங்கள். சொரசொரப்பு சிறிதாக இருக்கும்வரை, திரும்பும் ஒளியில் அந்தப் பங்கு சிதறிவிடும். 633 நானோமீட்டர் லேசரை நேராக விட்டால் 1 நானோமீட்டருக்கு 0.04 விழுக்காடு, 10 நானோமீட்டருக்கு 3.9 விழுக்காடு. 50 நானோமீட்டரில் இந்தக் குறுக்குவழி பொருந்தாது. அடுக்குக்குறியோடு கூடிய முழுச் சமன்பாட்டைப் போட வேண்டும், விடை 63 விழுக்காடு வரும். ஒரு லென்ஸுக்கு 0.04 என்பது சிறிதுதான். லேசர் பல நூறு முறை போய்வரும் ஆடிக் கூட்டில் அதுவே கணக்கைத் தீர்த்துவிடும்.

6. ஒரே சாம்பிளுக்கு ஏஎஃப்எம் ஒரு சொரசொரப்பும், ப்ரொஃபைலோமீட்டர் வேற சொரசொரப்பும் காட்டுது. எது தப்பு?

இரண்டுமே சரியாக இருக்கலாம். ஏஎஃப்எம் (அணுவிசை நுண்ணோக்கி) மிக நுண்ணிய ஊசியால் பரப்பை வருடிப் படமெடுப்பது; ப்ரொஃபைலோமீட்டர் சற்றுப் பெரிய ஊசியைப் பரப்பின்மேல் இழுத்து உயரத்தை அளப்பது. சொரசொரப்புக்கு ஒற்றை எண் கிடையாது. எந்த நீளத்திலிருந்து எந்த நீளம் வரையுள்ள மேடுபள்ளங்களை எண்ணினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது அளவு. ஏஎஃப்எம்மில் 1 மைக்ரோமீட்டர் சதுரத்தை வருடினால் 1 மைக்ரோமீட்டரைவிட நீண்ட அலைவுகள் கணக்கில் வராது. ப்ரொஃபைலோமீட்டரின் ஊசி முனை சில மைக்ரோமீட்டர் அகலம் என்றால் அதைவிடச் சிறிய பள்ளத்துக்குள் அது இறங்காது. வருடும் பரப்பைப் பெரிதாக்கினால் ஆர்எம்எஸ் எண் பெரும்பாலும் ஏறும். சாய்வுத் திருத்தம் எத்தனை படியில் போட்டீர்கள் என்பதும் எண்ணை மாற்றும். இந்த விவரங்கள் இல்லாத சொரசொரப்பு எண்ணை அறிக்கையில் போடாதீர்கள்.

உங்கள் நோக்கம் சிதறல் என்றால் எந்த நீளம் முக்கியம் என்று முன்கூட்டியே கணக்கிடலாம். மேடுபள்ளங்களை வெவ்வேறு இடைவெளி கொண்ட கீற்றணிகளின் (சம இடைவெளியில் அமைந்த வரிகளின்) கூட்டாகப் பாருங்கள். 633 நானோமீட்டர் ஒளி நேராகப் படும்போது 10 மைக்ரோமீட்டர் இடைவெளி அதை 3.6 பாகைக்கு அனுப்பும். 1 மைக்ரோமீட்டர் இடைவெளி 39 பாகைக்கு அனுப்பும். 633 நானோமீட்டரைவிட நெருக்கமான இடைவெளிக்கு அனுப்பவே திசை கிடையாது. ஆகவே நேர்க்கதிரை ஒட்டிய மங்கலைப் பற்றிக் கவலைப்படுபவர் 1 மைக்ரோமீட்டர் ஏஎஃப்எம் படத்தை எடுத்துப் பயனில்லை. 50 மைக்ரோமீட்டராவது வருட வேண்டும், அல்லது வெள்ளை ஒளி இன்டர்ஃபெரோமீட்டருக்குப் (ஒளி அலைகளின் குறுக்கீட்டை வைத்து உயரத்தை அளக்கும் கருவி) போக வேண்டும்.

7. வானம் நீலம், மேகம் வெள்ளை. ரெண்டும் சிதறல்தான்னா ஏன் ரெண்டு நிறம்?

அளவுதான். அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் சிறிய துகளின் சிதறல், அலைநீளத்தின் நான்காம் படிக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும் என்று 1871-இல் ராலே காட்டினார். 450 நானோமீட்டர் நீலம் 650 நானோமீட்டர் சிவப்பைவிட 4.4 மடங்கு அதிகம் சிதறும். மேகத்தின் நீர்த்துளிகள் பல மைக்ரோமீட்டர் பெரியவை. அங்கே எல்லா நிறமும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறுகின்றன. இடைப்பட்ட அளவுக்கு ராலேயின் எளிய விதி செல்லாது, குஸ்டாவ் மீ 1908-இல் தந்த முழுத் தீர்வு வேண்டும்.

வீட்டில் பார்க்கலாம். உயரமான கண்ணாடித் தம்ளரில் தண்ணீர், அதில் சில சொட்டுப் பால், இருட்டறை, செல்போன் டார்ச். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் லேசான நீலம். டார்ச்சுக்கு நேரெதிரே நின்று பார்த்தால் மஞ்சள், பால் கூடினால் ஆரஞ்சு. கொழுப்பு எடுத்த பாலில் இது நன்றாக வரும், ஏனென்றால் அதில் எஞ்சுபவை 100 நானோமீட்டரை ஒட்டிய கேசின் என்ற பால் புரதத் துகள்கள். கொழுப்புத் திவலைகள் மைக்ரோமீட்டர் அளவு. அவை வெள்ளையைக் கொண்டுவந்து நீலத்தைக் கெடுத்துவிடும். அரை ஸ்பூன் ஊற்றிவிட்டு “வரவில்லை” என்பவர்கள் அதிகம். சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும்.

8. கடல் நீலமா இருக்கறது வானம் அதுல தெரியறதாலதானே?

ராலேயும் அப்படித்தான் சொன்னார். 1921-இல் இங்கிலாந்திலிருந்து நார்குண்டா கப்பலில் திரும்பிய சி. வி. ராமன், ஒரு நிக்கோல் பட்டகத்தைக் (ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படிகம்) கையில் வைத்துக்கொண்டு அதைச் சோதித்தார். தண்ணீரின் மேல் சுமார் 53 பாகைக் கோணத்தில் பட்டுத் திரும்பும் ஒளி முழுதாகத் தளவிளைவு அடைந்திருக்கும், அதாவது ஒரே தளத்தில் மட்டும் அதிரும். பட்டகத்தைத் திருப்பி அதை வெட்டிவிடலாம். வானத்தின் பிம்பத்தை வெட்டிய பிறகும் கடல் நீலமாகவே இருந்தது, இன்னும் ஆழ்ந்த நீலமாக. தண்ணீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று அவர் முடிவுக்கு வந்தார். தண்ணீர் சிவப்பை லேசாக உறிஞ்சுவதும் இந்த நீலத்துக்குப் பெரிய காரணம், அதை விட்டுவிடக் கூடாது. இந்தக் கேள்வியைத் தொடர்ந்து போன வழியில்தான் 1928 பிப்ரவரி 28-இல், கே. எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து கல்கத்தாவில் செய்த வேலையில், ராமன் விளைவு (சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு அலைநீளம் மாறி வருவது) வெளிப்பட்டது.

9. பெயின்ட்லயும் டைட்டானியம் டைஆக்சைடு, சன்ஸ்கிரீன்லயும் அதே. ஒண்ணு சுவரை மறைக்குது, இன்னொண்ணு முகத்துல தெரியவே இல்ல. எப்படி?

ரூட்டைல் வகை டைட்டானியம் டைஆக்சைடின் ஒளிவிலகல் எண் 2.7 அளவில், பெயின்ட் பிசினுக்கு 1.5. இவ்வளவு வித்தியாசம் தரும், நிறமற்ற, மலிவான பொருள் வேறு கிடைப்பது அரிது. பெயின்டுக்கான துகளை 200 முதல் 300 நானோமீட்டராக அரைக்கிறார்கள், அதாவது அலைநீளத்தில் ஏறத்தாழ பாதி. ஒரே எடைக்கு அதிகமாகச் சிதறடிக்கும் அளவு அதுதான். சன்ஸ்கிரீனுக்குச் சில பத்து நானோமீட்டர் துகள். சிறிய துகளின் சிதறல் விட்டத்தின் ஆறாம் படியில் குறைகிறது, எனவே தோலில் வெள்ளை தெரிவதில்லை. அது புற ஊதாக் கதிரைக் கண்ணாடி போலத் திருப்பி அனுப்புவதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பங்கு வேலையை உறிஞ்சுவதன் மூலமே செய்கிறது.

பெயின்டில் இன்னொரு தவறு: மறைப்பு போதவில்லை என்று நிறமியைக் கொட்டிக்கொண்டே போவது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டும் அளவுக்கு நெருங்கினால் அவை தனித்தனியாகச் சிதறடிப்பதை விட்டுப் பெரிய ஒரே கட்டிபோல நடந்துகொள்ளும். செலவு ஏறும், மறைப்பு ஏறாது. துகள்களுக்கு நடுவே இடைவெளி காக்கும்படி நன்றாகக் கலைத்துப் பரப்புவதுதான் வழி.

10. தங்கம் மஞ்சள்தானே, நானோ தங்கம் மட்டும் ஏன் சிவப்பு?

தங்கத்தின் கட்டற்ற எலக்ட்ரான்கள் சிறு துகளுக்குள் ஒரு கூட்டமாக முன்னும் பின்னும் ஊசலாடுகின்றன. அந்த ஊசலுக்கென்று ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. 20 நானோமீட்டர் தங்க உருண்டை தண்ணீரில் இருந்தால் அது 520 நானோமீட்டர் ஒளியோடு ஒத்திசைகிறது. பச்சை விழுங்கப்படுகிறது, சிவப்பு தப்பி வருகிறது. இதற்குப் பிளாஸ்மான் ஒத்திசைவு என்று பெயர். வெள்ளிக்கு அது 400 நானோமீட்டரை ஒட்டி வருவதால் வெள்ளிக் கூழ்மம் மஞ்சள். 1857-இல் மைக்கேல் ஃபாரடே தங்கத்தின் சிவப்புக் கரைசலைத் தயாரித்து, நிறத்துக்குக் காரணம் மிக நுண்ணிய தங்கத் துகள்களே என்று சொன்னார். பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள நான்காம் நூற்றாண்டு ரோமானியக் கிண்ணமான லைகர்கஸ் கோப்பை, வெளியிலிருந்து வெளிச்சம் பட்டால் பச்சை, உள்ளே விளக்கு வைத்தால் சிவப்பு. அதன் கண்ணாடியில் தங்கமும் வெள்ளியும் நானோ துகள்களாக இருக்கின்றன. கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் தோன்றும் சிவப்புக் கோடும் பெரும்பாலும் நானோ தங்கம்தான்.

11. சிட்ரேட் முறையில் செஞ்சா சிலநேரம் ஊதா, சிலநேரம் கறுப்பு வண்டல். எங்கே தப்பு?

சிட்ரேட் முறை என்பது தங்க உப்பைச் சிட்ரேட்டால் ஒடுக்கி நானோ தங்கம் செய்வது. அளவு முதலில்: 1 மில்லிமோலார் குளோரோஆரிக் அமிலக் கரைசல் 20 மி.லி., காந்தக் கலக்கியுடன் கூடிய ஹாட் பிளேட்டில் கொதி நிலைக்குக் கொண்டுவரவும். நன்றாகக் கொதிக்கும்போது 1 விழுக்காடு ட்ரைசோடியம் சிட்ரேட் கரைசல் 2 மி.லி.யை ஒரே தடவையில் ஊற்றவும். மஞ்சள் மறைந்து நிறமற்றதாகும், பிறகு சாம்பல் கலந்த நீலம், ஊதா, கடைசியில் ஒயின் சிவப்பு. ஏறத்தாழ பத்து நிமிடம். நடுவில் வரும் நீலத்தைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள்.

கெடுவதற்குப் பொதுவான காரணம் கண்ணாடிச் சாமான்தான். பழைய துகள் ஒட்டியிருந்தால் புதுத் தங்கம் அதன்மேல் படிந்து பெரிதாகும். ஃப்யூம் ஹூடுக்குள் அக்வா ரீஜியாவால் (அடர் ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் அமிலக் கலவை) கழுவி, அயனி நீக்கிய தண்ணீரில் பலமுறை அலச வேண்டும். அக்வா ரீஜியாவை ஒருபோதும் மூடிய பாட்டிலில் வைக்காதீர்கள், வாயு சேர்ந்து வெடிக்கும். இரும்பு ஸ்பாட்டுலாவால் தங்க உப்பை எடுத்தால் உப்பு அங்கேயே ஒடுங்கத் தொடங்கும், பிளாஸ்டிக் போதும். மூன்றாவது, உப்பு. துகள்கள் சிட்ரேட் தரும் எதிர்மின்னூட்டத்தால்தான் விலகி நிற்கின்றன. குழாய்த் தண்ணீரோ பஃபரோ (அமிலத்தன்மையை மாறாமல் காக்கும் உப்புக் கரைசல்) கலந்தால் அந்த விலக்கம் மறைக்கப்பட்டுத் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய துகள்களின் ஊசல்கள் பிணைந்து உறிஞ்சல் 600 நானோமீட்டருக்கு அப்பால் நகரும், கண்ணுக்கு நீலம். இதைத் தெரிந்தே பார்க்க வேண்டுமானால், 1 மி.லி. கரைசலில் சில சொட்டு உப்புத் தண்ணீர் விட்டால் போதும். ஒருமுறை நீலமானது பெரும்பாலும் சிவப்புக்குத் திரும்பாது.

12. யூவி-விஸ் காட்டும் உச்சி உறிஞ்சலா சிதறலா?

இரண்டும் சேர்ந்தது. யூவி-விஸ் என்பது புற ஊதா ஒளியையும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் மாதிரி வழியே விட்டு அளக்கும் நிறமாலைமானி. அந்தக் கருவிக்குத் தெரிவது எதிர்ப்பக்கம் வந்து சேராத ஒளி மட்டுமே. வழியில் விழுங்கப்பட்டதா, பக்கவாட்டில் போனதா என்று அதற்குத் தெரியாது. சிறிய துகளில் உறிஞ்சல் விட்டத்தின் மூன்றாம் படியிலும் சிதறல் ஆறாம் படியிலும் ஏறுகின்றன. எனவே 20 நானோமீட்டர் தங்கத்தில் சிதறலின் பங்கு மிகச் சொற்பம். 80 நானோமீட்டரை எட்டும்போது அது உறிஞ்சலுக்கு ஈடுகொடுக்கத் தொடங்கும். பிரித்துப் பார்க்க வேண்டுமானால் ஒருங்கிணைக்கும் கோளம் (எல்லாத் திசையிலும் சிதறும் ஒளியைத் திரட்டும், உள்ளே வெள்ளை பூசிய கோளம்) பொருத்தி அளக்க வேண்டும். உச்சிக்கு அப்பால் நீண்ட அலைநீளப் பக்கத்தில் அடிக்கோடு தரைக்கு இறங்காமல் சாய்ந்தே இருந்தால், கட்டி சேர்ந்துவிட்டது என்று சந்தேகப்படுங்கள்.

13. டிஇஎம் படத்தில் 20 நானோமீட்டர். டிஎல்எஸ்-ல் 32, கூடவே 300-ல் ஒரு உச்சி. எதை எழுதுறது?

டிஇஎம் என்பது எலக்ட்ரான் கற்றையை ஊடுருவ விட்டுப் படமெடுக்கும் நுண்ணோக்கி; டிஎல்எஸ் என்பது சிதறல் ஒளியின் ஏற்ற இறக்கத்தை வைத்துத் துகளின் அளவைக் காணும் முறை. டிஎல்எஸ் துகளைப் பார்ப்பதில்லை. அதன் நடுக்கத்தைப் பார்க்கிறது. தண்ணீரில் அலையும் துகள்களிலிருந்து வரும் சிதறல் ஒளி மினுக்கிக்கொண்டே இருக்கும். சிறிய துகளுக்கு வேகமான மினுக்கு. 25 பாகை செல்சியஸ் தண்ணீரில் 100 நானோமீட்டர் துகளை 633 நானோமீட்டர் லேசரால் 90 பாகையில் பார்த்தால் இந்த மினுக்கின் காலம் அரை மில்லி விநாடியை ஒட்டி இருக்கும். அதிலிருந்து பரவல் வேகம், பரவல் வேகத்திலிருந்து ஸ்டோக்ஸ்-ஐன்ஸ்டீன் சமன்பாட்டால் விட்டம். அந்த விட்டத்தில் துகளோடு ஒட்டி நகரும் சிட்ரேட்டும் பாலிமரும் தண்ணீர்ப் படலமும் அடங்கும். டிஇஎம்மில் அடர்ந்த உலோகக் கரு மட்டும் தெரியும். 20-க்கும் 32-க்கும் சண்டை இல்லை. இரண்டையும், எதை எதால் அளந்தது என்று சொல்லி எழுதுங்கள்.

300-இல் வரும் உச்சிக்கு 9-ஆம் கேள்வியில் சொன்ன ஆறாம் படியை நினைத்துக்கொள்ளுங்கள். 20 நானோமீட்டர் துகள்கள் பத்து லட்சம் சேர்ந்து தரும் ஒளியை 200 நானோமீட்டர் தூசி ஒன்றே தந்துவிடும் என்று அந்த விதி சொல்கிறது. எனவே பெரிய உச்சி என்றால் பெரிய துகள் நிறைய என்று பொருளில்லை. விரல்விட்டு எண்ணும் தூசியாக இருக்கலாம். கரைப்பானை 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் விட்டு எடுங்கள், க்யூவெட்டை (மாதிரி ஊற்றும் சிறு ஒளிபுகும் குப்பி) அந்தத் தண்ணீராலேயே அலசுங்கள், தலைகீழாகக் கவிழ்த்து உலர்த்துங்கள், ஒளி போகும் பக்கங்களில் விரல் படக் கூடாது. மாதிரி இல்லாமல் வெறும் கரைப்பானை ஒருமுறை ஓட்டினாலே குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். மென்பொருள் தரும் எண்ணிக்கைப் பங்கீட்டில் அந்த உச்சி மறைந்துவிடுகிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். அது ஒளிச் செறிவிலிருந்து கணக்கிட்டுப் பெற்றது, சிறு பிழையும் அதில் பெருகும்.

வெப்பநிலையைப் பலர் பொருட்படுத்துவதில்லை. தண்ணீரின் பாகுத்தன்மை 20 பாகையில் 1.002, 25 பாகையில் 0.890 மில்லிபாஸ்கல் விநாடி. மாதிரி உண்மையில் 20 பாகையில் இருக்க, கருவி 25 என்று நம்பிக் கணக்கிட்டால் விட்டம் 14 விழுக்காடு கூடுதலாக வரும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு அளக்காதீர்கள்.

14. லேசர் பாயின்டரைச் சுவர்ல அடிச்சா பொடிப்பொடியா மினுங்குதே, லேசர் கெட்டுப்போச்சா?

லேசர் நன்றாக இருக்கிறது. சுவரின் மேடுபள்ளங்களிலிருந்து சிதறும் அலைகள் ஒரே லேசரிலிருந்து வந்தவை, ஆகவே கண்ணுக்குள் ஓரிடத்தில் கூடி வெளிச்சமும் ஓரிடத்தில் அழித்து இருளும் ஆகின்றன. இதன் பெயர் ஸ்பெக்கிள். பொடியின் அளவு சுவரைவிட உங்கள் கண்பாவையையே பொறுத்தது: விரல்களை மடக்கிச் சிறு துளை செய்து அதன் வழியே பார்த்தால் பொடிகள் பெரிதாகும். தலையை மெல்ல இடவலமாக அசைத்துப் பாருங்கள். கிட்டப்பார்வை உள்ளவருக்குப் பொடிகள் எதிர்த்திசையில் ஓடும், தூரப்பார்வை உள்ளவருக்குத் தலையோடு சேர்ந்து ஓடும். சுவரில் விழும் புள்ளியை மட்டும் பாருங்கள்; கதிரையோ, பளபளப்பான பரப்பில் பட்டுத் திரும்புவதையோ ஒருபோதும் பார்க்கக் கூடாது.

15. சொரசொரப்பான வெள்ளியில் ராமன் சிக்னல் லட்சம் மடங்கு ஏறுதுன்னு சொல்றாங்க. பரப்பு கூடுறதாலயா?

முதலில் அப்படித்தான் நினைத்தார்கள். 1974-இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ஃபிளைஷ்மன், ஹென்ட்ரா, மெக்குயிலன் ஆகியோர், வேண்டுமென்றே சொரசொரப்பாக்கிய வெள்ளி மின்வாயில் பிரிடின் என்ற கரிமச் சேர்மத்தின் ராமன் நிறமாலையைப் பதிவு செய்தார்கள். பரப்பு கூடியதால் அதிக மூலக்கூறு ஒட்டியிருக்கிறது என்பது விளக்கம். 1977-இல் ஜீன்மேரும் வான் டைனும் ஒரு பக்கம், ஆல்பிரெக்டும் கிரைட்டனும் இன்னொரு பக்கம், கணக்குப் பார்த்தபோது சிக்னல் லட்சம் மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. பரப்பு அவ்வளவு கூட வாய்ப்பே இல்லை. 10-ஆம் கேள்வியில் சொன்ன எலக்ட்ரான் ஊசல்தான் காரணம். வெள்ளி முகடுகளுக்கு நடுவில் உள்ள இடுக்கில் மின்புலம் குவிகிறது; ராமன் சிக்னல் அந்தப் புலத்தின் ஏறத்தாழ நான்காம் படியில் ஏறும். புலம் 10 மடங்கானால் சிக்னல் பத்தாயிரம் மடங்கு.

இந்தப் புலம் சில நானோமீட்டர் தூரத்துக்குள் வடிந்துவிடும், ஆகவே மூலக்கூறு உலோகத்தைத் தொட்டோ மிக ஒட்டியோ நிற்க வேண்டும். வெள்ளி காற்றில் சல்ஃபைடாகிக் கறுக்கும், புதிதாகச் செய்ததைப் பயன்படுத்துங்கள். தங்கத்துக்கு 532 நானோமீட்டர் லேசர் பொருந்தாது, 633 அல்லது 785 எடுங்கள். லேசர் திறனைக் குறைவாகத் தொடங்குங்கள். 1350, 1580 செ.மீ.⁻¹ அருகில் இரண்டு அகன்ற மேடுகள் வந்தால் மாதிரி கருகிக் கரியாகிவிட்டது. ஓரிடத்தில் எடுத்த ஒற்றை நிறமாலையை நம்ப வேண்டாம், இடுக்குகள் இடத்துக்கு இடம் மாறும். குறைந்தது இருபது முப்பது இடங்களில் எடுத்துப் பரவலையும் சேர்த்துக் காட்டுங்கள்.

16. சொரசொரப்பு கூடினா வெள்ளையாகணும். கருப்பு சிலிக்கான் மட்டும் ஏன் சொரசொரப்பாக்க ஆக்க இருளுது?

கருப்பு சிலிக்கான் என்பது பரப்பை நுண்ணிய ஊசிக்காடாகச் செதுக்கிய சிலிக்கான். 6-ஆம் கேள்வியின் கடைசிப் பகுதிக்குப் போங்கள். மேடுகள் அலைநீளத்தைவிட நெருக்கமாக இருந்தால் ஒளியைப் புதுத் திசைகளில் திருப்பி அனுப்ப வழியில்லை. அவை உயரமாகவும் நுனி கூர்ந்தும் இருந்தால் ஒளிக்குத் திடீர் எல்லையே தென்படாது. காற்றிலிருந்து சிலிக்கானுக்கு ஒளிவிலகல் எண் படிப்படியாக ஏறுவதாகத்தான் தெரியும். எல்லை இல்லையென்றால் எதிரொளிப்பும் இல்லை. வெறும் மெருகிட்ட சிலிக்கான் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திருப்பி அனுப்பும். ஊசிக்காடாகச் செதுக்கியது சில விழுக்காட்டுக்கும் கீழே. அந்துப்பூச்சியின் கண்ணில் இதே அமைப்பு இருக்கிறது, இரவில் அது மினுங்காமல் இருக்க உதவுகிறது.

17. முழு நிலா உருண்டைதானே, ஏன் தட்டு மாதிரி ஓரம் வரைக்கும் ஒரே வெளிச்சமா இருக்கு?

சுண்ணாம்பு பூசிய பந்தின் மேல் டார்ச் அடித்தால் நடு வெளிச்சமாகவும் ஓரம் மங்கியும் இருக்கும். நிலாவின் தரை அப்படி இல்லை. பொடி மண், குழி, கல் என்று எல்லா அளவிலும் சொரசொரப்பு. சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும் பௌர்ணமியில், ஒவ்வொரு துணுக்கின் நிழலும் அந்தத் துணுக்குக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்கிறது. ஓரத்திலும் நிழலற்ற முகங்களையே பார்க்கிறோம். அதனால்தான் முழு நிலா அரை நிலாவைவிட இரண்டு மடங்கு அல்ல, பத்து மடங்குக்கு மேல் வெளிச்சம்.

நிழல் மறைவது போக இன்னொன்றும் உண்டு. துகள்களுக்குள் புகுந்து பலமுறை சிதறித் திரும்பும் ஒளி, ஒரு பாதையில் போவதும் அதே பாதையில் எதிர்ப்பக்கமாகப் போவதும் சம தூரம். வந்த திசைக்கே நேராகத் திரும்பும்போது மட்டும் இந்த இரண்டும் தவறாமல் ஒன்றுசேர்ந்து வலுக்கின்றன. அதிகபட்சம் இரண்டு மடங்கு வரை. 1985-இல் இதை ஆய்வகத்தில், தண்ணீரில் மிதக்கும் பாலிஸ்டைரீன் துகள்களில் தெளிவாக அளந்தார்கள். அளக்க விரும்புபவர்கள் லேசரும் டிடெக்டரும் ஒரே கோட்டில் வரும்படி பீம் ஸ்பிளிட்டர் வைக்க வேண்டும், மாதிரியை மெல்லச் சுழற்ற வேண்டும். சுழற்றாவிட்டால் 14-ஆம் கேள்வியில் பார்த்த ஸ்பெக்கிள் அந்த உச்சியை முழுதாக மூடிவிடும்.